செக்ரோலில் ஏறாத கணக்கு: தம்பின் தோட்டப்புறத்தில் நின்று பசுமை இல்ல வாயுக்களை ஆராய்தல்

பால்மரக் காலத்துத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. விடியும் முன்பே பெரட்டுக்களத்தில் பெயர் வாசிப்பார்கள். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி. பகல் ஏறியதும் பால் வாளிகள் கொட்டகையில் வரிசையாக வந்து இறங்கும். கணக்கெழுதும் கிராணி பாலை நிறுத்துவிட்டு, மெட்ரோலேக் என்ற கருவியை அதில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்ப்பார். ரப்பர் மிகுந்த கெட்டிப் பாலில் அது ஆழ இறங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மேலெழும்பி நிற்கும். அந்தக் கோட்டை வைத்துத்தான் அன்றைய காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று எழுதுவார். பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்த ஒட்டுப்பாலுக்கும் தனி நிறை, தனிக் கணக்கு. மாதக் கடைசியில் எல்லாம் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் ஏறிச் சம்பளமாக இறங்கும்.

அந்தச் செக்ரோலில் ஒரு நாளும் ஏறாதது ஒன்று உண்டு. தோட்டமும் ஆலையும் லாரியும் விளக்கும் சேர்ந்து காற்றில் விட்டது எவ்வளவு என்பதுதான் அது. எழுதாமல் விட்ட அந்தக் கணக்கின் பாக்கியை இன்று உலகம் முழுவதும் வெயிலாகவும் வெள்ளமாகவும் செலுத்திக்கொண்டிருக்கிறது. மனிதச் செயல்களால் பெருகும் பசுமை இல்ல வாயுக்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பனிப்பாறையையும் துருவக் கரடியையும் காட்டுகிறார்கள். நம் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தென்கோடியில், மலாக்கா எல்லையை ஒட்டிக் கிடக்கும் தம்பின் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். கெமாஸ், கெமஞ்சே, ஆயர் கூனிங், ரெப்பா என்று விரியும் இந்த மண்ணில் பால்மரமும் செம்பனையுமே வாழ்க்கை. இங்கே வாயு எங்கிருந்து எழுகிறது, எது பெரிது, எது சிறிது, சுமை யார் தலையில் விழுகிறது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று வாயுக்கள், மூன்று எடைக்கற்கள்

பூமி வாங்கிய வெப்பத்தில் ஒரு பகுதி மீண்டும் வானத்துக்குத் திரும்ப வேண்டும். அதைத் தடுத்து, போர்வைபோல் பிடித்துவைப்பவை பசுமை இல்ல வாயுக்கள். இந்தப் போர்வை அறவே இல்லையென்றால் பூமி உறைந்துபோகும். ஆகவே போர்வை இருப்பதில் தவறில்லை. நாம் அதன்மேல் போர்வை போர்த்திக்கொண்டே போவதுதான் சிக்கல்.

கரியமில வாயு முதன்மையானது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் ஒரு மில்லியன் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இரண்டாவது மீத்தேன். நூறு கோடிப் பங்கில் 720 அளவில் இருந்தது 1,900ஐக் கடந்து நிற்கிறது. மூன்றாவது நைட்ரஸ் ஆக்சைடு. அதே அளவையில் 270லிருந்து 335க்கு மேல் போயிருக்கிறது. குளிர்சாதனங்களில் ஊற்றப்படும் புளோரின் கலந்த வாயுக்களும் உண்டு. தோட்டப்புறக் கணக்கில் அவற்றின் இடம் சிறியது.

மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க எடைக்கல் வேண்டும். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு நூறாண்டுக் காலத்தை வைத்து அந்த எடையைச் சொல்கிறது. சதுப்பிலும் கழிவிலும் பிறக்கும் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம். ஆனால் மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்கும். ஆகவே இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் அதன் எடை 80 மடங்கை எட்டுகிறது. இன்று மீத்தேனைக் குறைத்தால் நம் பிள்ளைகள் காலத்திலேயே பலன் தெரியும் என்பது இதற்குப் பொருள். இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பனை ஆலைக்குப் பின்னால் போகும்போது இது மறுபடியும் வரும்.

1896: ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அர்ரேனியஸ் 1896இல் ஒரு கணக்கை வெளியிட்டார். காற்றில் கரியமில வாயு பெருகினால் பூமி எத்தனை பாகை சூடாகும் என்று கையாலேயே போட்ட கணக்கு அது. அதே 1896இல், தம்பினுக்குத் தெற்கே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். ஐரோப்பாவில் ஒருவர் நோயைக் கணித்த அதே ஆண்டில், அந்த நோயோடு பின்னிப் பிணையப்போகும் ஒரு தொழில் நம் பக்கத்தில் வேர்விட்டது.

பின்னிப் பிணைந்தது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1908இல் போர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் வந்ததும் உலகமே சக்கரத்தில் ஏறியது. சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். நெகிரி செம்பிலான் காடுகள் அழிந்து நிரை நிரையாகப் பால்மரங்கள் எழுந்தன. நம் பாட்டனார் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டிய பால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெட்ரோல் எரித்த வண்டிகளின் டயராகச் சுழன்றது. எண்ணெய் யுகத்தின் சக்கரம் தமிழரின் உளியால் உருண்டது. அந்த வண்டியில் ஏறும் வசதி மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மலாயாவின் விடுதலையான மெர்டேக்காவுக்கு மறு ஆண்டு, 1958இல், ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். முதல் ஆண்டில் அது மில்லியனுக்கு 315 பங்கு அளவில் இருந்தது. மலேசியா பிறந்து வளர்ந்து நிமிர்ந்த காலம் முழுவதும் அந்தக் கோடு ஓர் ஆண்டுகூடத் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது.

புகைக்கூட்டுப் புகை குற்றவாளியா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் காற்று மாசு என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் ஷீட்டைப் பதப்படுத்தும் புகைக்கூடுதான். நாள்கணக்கில் விறகு கனன்றுகொண்டிருக்கும். ஷீட்டு தேன் நிறத்துக்கு வரும். துணிமணியெல்லாம் புகை வாடை அடிக்கும். மூச்சுக்கு அது நல்லதல்ல. கண் எரிச்சலும் இருமலும் உண்மை. ஆனால் பூமியைச் சூடாக்கிய கணக்கில் அதன் பங்கு சிறியது.

காரணத்தைப் பார்ப்போம். அடுப்பில் எரிந்தது வயதான பால்மரத்து விறகு. அந்த மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கரிமமே புகையாகத் திரும்பிப் போனது. அதே நிரையில் மறுநடவு நடந்தால் அடுத்த மரம் அதை மீண்டும் இழுத்துக்கொள்ளும். நிலக்கரியும் பெட்ரோலியமும் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் பூட்டிக் கிடந்த கரிமத்தைத் தோண்டி எடுத்து எரிக்கிறோம். அதைத் திருப்பி இழுத்துக்கொள்ள எந்த நிரையும் இல்லை. பழைய கரிமத்துக்கும் புதிய கரிமத்துக்கும் உள்ள இந்த வேற்றுமை புரியாவிட்டால் பசுமை இல்ல வாயுவின் கணக்கு ஒருநாளும் நேராகாது. பிற்காலத்தில் ரப்பர் மரப்பலகை மேசையும் நாற்காலியுமாக மாறி ஏற்றுமதியானபோது அந்தக் கரிமம் பல ஆண்டுகள் வீட்டுக்குள் பூட்டப்பட்டது. அது நல்ல மாற்றம்.

ஆகவே ஆய்வின் முதல் பாடம்: கண்ணைக் கரிக்கும் புகையை வைத்து வாயுவை அளக்கக் கூடாது. இந்த வட்டாரத்தின் பெரிய ஊற்றுகளில் பல, புகையே இல்லாதவை.

காடு, பால்மரம், செம்பனை

முதல் பெரிய வெளியேற்றம் தோட்டம் பிறந்த நாளிலேயே நடந்து முடிந்தது. தாழ்நில மழைக்காட்டில், நிலத்துக்கு மேல் நிற்கும் மரங்களில் மட்டும் ஒரு ஹெக்டேருக்கு 150 முதல் 200 டன் கரிமம் இருக்கலாம். 150 டன் என்றே வைத்துக்கொண்டாலும், எரித்தாலும் மக்கவிட்டாலும் அது 550 டன் கரியமில வாயுவாகக் காற்றுக்குப் போகும். பால்மரத் தோட்டம் அதில் ஒரு பகுதியை மட்டுமே திரும்பச் சேர்க்கும். செம்பனைத் தோட்டம் இன்னும் குறைவாகவே தாங்கும்.

செம்பனை மலேசியாவில் வணிகமாகத் தொடங்கியது 1917இல், சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில். ஆனால் அது பால்மரத்தை வேரோடு தள்ளியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ரப்பர் விலை சரிந்தது, பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் வந்தது, வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலில் வீடிழந்த தொழிலாளர்களுக்காகவே. மறுநடவு என்ற பெயரில் பால்மரம் விழுந்த இடத்திலெல்லாம் செம்பனை எழுந்தது. தம்பின் பக்கமும் அந்த அலை வந்தது. பழைய நிரைகளில் பெரும்பாலானவை இன்று குலை வெட்டும் நிலங்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய ரப்பர் நிலத்தில் செம்பனை நடுவது வேறு. நிற்கும் காட்டை வெட்டிச் செம்பனை நடுவது வேறு. வாயுக் கணக்கில் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. தம்பினின் செம்பனை பெரும்பாலும் முதல் வகை. மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தும் வழக்கமும் மாறிவிட்டது. 1980களின் கடைசியில் மலேசியத் தோட்டங்களில் எரிக்காமலே நடும் முறை பரவியது. மரத்தைச் சாய்த்து, சீவி, நிலத்திலேயே மக்க விடுகிறார்கள். இன்று திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றம்.

ஆலைக்குப் பின்னால் ஒரு குளம்

இனி புகையில்லாத ஊற்றுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் அதிகம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

லாரியில் வந்து இறங்கும் செம்பனைக் குலைகளை முதலில் பெரிய இரும்புக் கலன்களில் நீராவி விட்டு வேகவைப்பார்கள். பிறகு குலையிலிருந்து பழத்தை உதிர்த்து, நசுக்கிப் பிழிந்து, எண்ணெயைத் தெளியவைத்துப் பிரிப்பார்கள். ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதே ஒரு டன்னுக்கு 650 லிட்டர் அளவுக்குக் கழிவுநீரும் வரும். பழுப்பு நிறத்தில், கஞ்சிபோல் கெட்டியாக, தொட முடியாத சூட்டில் அது குழாய் வழியே ஆலைக்குப் பின்னால் உள்ள குளத்துக்குப் போகும்.

அந்தக் குளத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்றால் தெரியும். மேலே ஆடை படிந்து நிலம்போல் அசையாமல் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் ஆடை மெல்ல உப்பும். ஒரு கொப்புளம் உடையும். பக்கத்தில் இன்னொன்று உப்பும். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வேறொரு வாயுவுக்கு உரியது. கொப்புளத்தில் பாதிக்கும் மேல் நிறைந்திருக்கும் மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்பவருக்குத் தலைக்கு மேல் போவது எது என்று தெரியாது.

குளம் வந்த கதையையும் அறிய வேண்டும். 1970களில் இந்தக் கழிவுநீர் நேராக ஆற்றில் கலந்தது. ஆற்றுநீரில் உயிர்வளி வற்றி மீன்கள் செத்தன. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்து, படிப்படியாகக் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகே வெளியே விட வேண்டும் என்று கட்டாயமாக்கின. அதற்கு மலிவான வழி, திறந்த குளங்களில் வாரக்கணக்கில் தேக்கி நுண்ணுயிர்களைச் செரிக்கவிடுவது. ஆறுகள் உயிர் பிழைத்தன. ஆனால் காற்றில்லாத அந்த ஆழத்தில் செரித்த கழிவு மீத்தேனாக மாறி மேலே போனது. ஆற்றைக் காத்த விதி காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. விதி எழுதியவர்களைக் குறை சொல்ல இயலாது. அந்தக் காலத்தில் காற்றுக்குக் கணக்கு கேட்டவர் யாரும் இல்லை.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு கன மீட்டர் கழிவுநீர் ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிர்வாயு தரும் என்பது இத்துறையில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன். அப்படியானால் ஒரு டன் குலைக்கு ஏழரை முதல் எட்டுக் கிலோ மீத்தேன். 27ஆல் பெருக்கினால் 200 கிலோவைத் தாண்டிய கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு டன் எண்ணெய்க்கு ஐந்து டன் குலை வேண்டும். ஆக, ஒரு டன் செம்பனை எண்ணெய்க்குப் பின்னால் குளத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு டன் வாயு எழுகிறது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் குலை அரைக்கும் ஆலையின் குளத்திலிருந்து 40,000 டன்னுக்கு மேல். இருபதாண்டு எடைக்கல்லை வைத்தால் இது மூன்று மடங்காகும்.

மருந்து கையிலேயே இருக்கிறது. குளத்தின் மேல் கெட்டியான விரிப்பைப் போர்த்தினால், அல்லது மூடிய தொட்டியில் கழிவைச் செரிக்கவிட்டால் வாயு பிடிபடும். அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம். எரித்துவிட்டாலே போதும், 27இன் எடை பெருமளவு கழிந்துவிடும். 2014ஆம் ஆண்டு முதல் புதிதாகக் கட்டும் ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் இந்த ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும். ஆனால் நாட்டில் உள்ள ஏறத்தாழ 450 ஆலைகளில் வாயுவைப் பிடிப்பவை 2019 வாக்கில் நான்கில் ஒரு பங்கு அளவிலேயே நின்றன. தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் நாரையும் ஓட்டையும் எரித்தே கிடைத்துவிடுகின்றன. மிஞ்சும் மின்சாரத்தை விற்கலாமென்றால் மின்கம்பி எட்டத்தில் கிடக்கிறது. கியோட்டோ உடன்படிக்கை வழியே வந்த கரிம வரவுகள் தொடக்கத்தில் ஊக்கம் தந்தன. 2012 வாக்கில் அவற்றின் விலை மண்ணோடு மண்ணானது. முதலீடு அப்படியே நின்றுபோனது.

உரமும் சதுப்பும்

செம்பனைக்கு உரம் தாராளமாக வேண்டும். ஒரு ஹெக்டேரில் 140 மரங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு ஒரு கிலோ நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். போட்ட நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கு மண்ணின் நுண்ணுயிர்களால் நைட்ரஸ் ஆக்சைடாக மாறும் என்பது உலகம் கையாளும் அடிப்படை அளவு. கணக்கு முடிவில் ஹெக்டேருக்கு 600 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் வருகிறது. அதே ஹெக்டேரில் 20 டன் குலை வெட்டினால், அதன் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழுவது 4 டன்னுக்கு மேல். உரத்தைவிடக் குளம் ஆறேழு மடங்கு பெரிது.

சதுப்பு நிலத்தில் இந்தக் கணக்கே தலைகீழாகும். கரிச்சதுப்பு மண்ணில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துச் செம்பனை நட்டால், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நீருக்கடியில் மக்காமல் கிடந்த தாவரக் கரிமம் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கும். ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 டன் கரியமில வாயு என்று ஐ.நா. குழுவின் வழிகாட்டி சொல்கிறது. தீப்பிடித்தாலோ, 1997இலும் 2015இலும் 2019இலும் நம் வானத்தை மூடிய புகைமூட்டம்தான். மலேசியாவின் கரிச்சதுப்பில் பெரும்பகுதி சரவாக்கில் இருக்கிறது. தம்பினின் செம்மண் மேடுகளுக்கு அந்தப் பழி இல்லை. ஆகவே செம்பனை என்றாலே ஒரே கணக்கு என்று பேசுவது தவறு. எந்த மண்ணில், எதை அழித்து நட்டது, எந்த ஆலையில் அரைத்தது என்று கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மின்சாரமும் சாலையும்

தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் அதைவிடப் பெரிய ஊற்று காத்திருக்கிறது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கில் மொத்த வெளியேற்றம் ஏறத்தாழ 317 மில்லியன் டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு எரிசக்தியிலிருந்து வந்தது. நெகிரி செம்பிலானிலேயே, போர்ட்டிக்சன் பக்கம் ஜிமாவில், கடலோரத்தில் நிலக்கரி மின்நிலையங்கள் நிற்கின்றன. 2009இல் 1,400 மெகாவாட், 2019இல் மேலும் 2,000 மெகாவாட். ஆண்டின் மூன்றில் இரண்டு பங்கு நேரம் முழுத் திறனில் ஓடுவதாகக் கொண்டால் அவை விடும் கரியமில வாயு 15 மில்லியன் டன்னைத் தாண்டும். மேலே சொன்ன ஆலைக் குளங்களில் 350க்கு மேற்பட்டவற்றுக்கு ஈடு அது. தம்பினில் விசிறி சுழல்வதும் தேசிய மின்கட்டமைப்பில்தான். அதன் பெரும்பங்கு நிலக்கரி.

சாலைக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத் தமிழர் எத்தனையோ பேர் போய்த் திரும்பாத பாதை அது. பெயர்த்த தண்டவாளம் திரும்பிப் போடப்படவே இல்லை. 2013இல் சிரம்பான் கெமாஸ் மின்மய இரட்டைப் பாதை வந்துவிட்டது. ஆனால் தம்பினில் இறங்கி மலாக்கா போகிறவர் இன்றும் காரிலோ பேருந்திலோதான் ஏற வேண்டும். ஒரு பாதை இல்லாமற் போனால் எண்பது ஆண்டுகளாக எவ்வளவு எண்ணெய் எரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மூன்று தரப்பு வாதங்கள்

தொழில்துறை சொல்வது: செம்பனை உலக எண்ணெய்ப் பயிர் நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில் நின்றுகொண்டு, தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது, சோயாவுக்கு மாறினால் இன்னும் பல மடங்கு காடு அழியும். இது உண்மை. மரம் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்ற அடுத்த வாதம் பாதி உண்மை. எண்ணெயாகப் போன கரிமம் சட்டியிலோ இயந்திரத்திலோ எரிந்து ஓராண்டுக்குள் திரும்பிவிடும். நிற்கும் மரத்தில் உள்ளதும் இருபத்தைந்து ஆண்டில் மறுநடவின்போது சாயும்.

சுற்றுச்சூழல் இயக்கங்கள் சொல்வது: காடும் கரிச்சதுப்பும் அழிந்த கணக்கை எந்த விளைச்சல் பெருமையும் மறைக்காது. இதுவும் உண்மை. ஆனால் நூறாண்டு வயதுள்ள தோட்ட மண்ணையும் நேற்று அழிந்த சதுப்பையும் ஒரே கூடையில் போடும்போது அந்த வாதம் தன் வலுவை இழக்கிறது.

அரசு சொல்வது: நாட்டில் பாதிக்கு மேல் காடு நிற்கிறது, அது வாயுவை உறிஞ்சுகிறது, 2005ஐ ஒப்பிட்டால் 2030க்குள் பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ஆகும் வெளியேற்றத்தை 45 விழுக்காடு குறைப்போம், 2050 வாக்கில் நிகர வெளியேற்றம் இல்லாத நாடாவோம். நல்ல இலக்குகள்தான். என்றாலும் ஒரு ரிங்கிட்டுக்கு ஆகும் வெளியேற்றம் குறைந்தும் மொத்தம் கூடலாம் என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது. வானத்துக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே.

மூன்று தரப்பும் பேசும் மேடையில் நான்காவது நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நிரையில் நிற்பவருடைய நாற்காலி அது.

வெயில் யார் தலையில்?

பால்வெட்டு விடியலுக்கு முன் தொடங்குவது வெறும் வழக்கமல்ல. இரவின் குளிர்ச்சியில் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். உளி பட்டதும் பால் ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழந்து அழுத்தம் தளரும், ஓட்டம் நின்றுவிடும். விடியல் சூடேறினால் பாலுக்கு உரிய அந்த நேரம் சுருங்குகிறது. பெருமழை பெய்தால் மங்கில் தண்ணீர் விழுந்து அன்றைய வெட்டே போகிறது. செம்பனையில் நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கிக் குலை இறக்குபவருக்கு நிழலும் இல்லை, நின்று இளைப்பாற நேரமும் இல்லை. இன்று அந்த வேலையில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். நம் பாட்டனாருக்கு அன்று நடந்தது இன்று அவர்களுக்கு நடக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்களோ பட்டணத்து மலிவு அடுக்குமாடியில், விசிறியை நம்பி வெக்கையில் தூங்குகின்றன.

பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 பாகை பதிவானது. நாட்டின் உச்சம் அது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் மூழ்கியபோது நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. அந்தப் பருவத்து வெள்ளச் சேதம் 6 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியதாக அரசின் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. மலேசியர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 டன் கரியமில வாயு என்று சராசரி சொல்கிறார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு விளக்கோடு காலம் தள்ளிய கிழவிக்கும், மூன்று கார் நிற்கும் மாளிகைக்கும் அதே 8ஐ எழுதுவது நியாயமாகாது.

பேரேட்டில் ஏற்ற வேண்டியவை

இந்த ஆய்வின் முடிவாக வரிசை ஒன்று தெரிகிறது. தம்பின் போன்ற வட்டாரத்தில் முதல் கடமை, நிற்கும் காட்டைத் தொடாதிருப்பது. இரண்டாவது, ஆலைக் குளங்களை மூடுவது. குறைந்த காலத்தில், கையிலிருக்கும் தொழில்நுட்பத்தில், அதிகப் பலன் தருவது இதுவே. பழைய ஆலைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கி, மின்கம்பியை ஆலை வாசல்வரை கொண்டுவரும் செலவை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும். 2021இல் உலக மீத்தேன் உறுதிமொழியில் மலேசியாவும் சேர்ந்தது; அந்தச் சொல்லை மெய்யாக்கும் இடம் இந்தக் குளக்கரைதான். மூன்றாவது, உரத்தை மண் கேட்கும் நேரத்தில், கேட்கும் அளவில் இடுவதும், வெறுங்குலையை மண்ணுக்கே திருப்புவதும், இந்தியாவிலிருந்து வந்த முக்குனா போன்ற மூடுகொடிகளைக் கொண்டு காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பதும். நான்காவது, ஜிமா போன்ற நிலக்கரி உலைகளுக்கு ஓய்வு நாள் குறித்து அதை முன்னுக்கு இழுப்பது. ஐந்தாவது, மக்களுக்குப் பேருந்தும் ரயிலும்.

இவற்றோடு, செலவில்லாத ஒன்றையும் கேட்கிறேன். சான்றிதழ் பெற்ற தோட்டங்களும் ஆலைகளும் தங்கள் வாயுக் கணக்கை இப்போதே எழுதத்தான் செய்கின்றன. அது ஆங்கில ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் கிடக்கிறது. அந்த எண்ணை எடுத்துப் பெரட்டுக்களத்து அறிவிப்புப் பலகையில், மலாயிலும் தமிழிலும் வேலை செய்பவர் அறிந்த மொழிகளிலும் எழுதி ஒட்டுங்கள். இந்த ஆண்டு இத்தனை டன் குலை, இத்தனை டன் எண்ணெய், காற்றில் இத்தனை டன் வாயு. போன ஆண்டு எவ்வளவு என்பதையும் பக்கத்தில் போடுங்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு மழைமானியும் ஒரு வெப்பமானியும் வைத்து, பிள்ளைகளே தினமும் படித்து எழுதட்டும். பத்தாண்டு கழித்து அந்த நோட்டுப் புத்தகம் இந்த மண்ணின் சாட்சியாக நிற்கும்.

தண்ணீர் கலந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியை வைத்து நம் முன்னோரின் உழைப்பை அளந்த தொழில் இது. அவ்வளவு நுட்பமாக நிறுக்கத் தெரிந்தவர்களுக்குக் காற்றில் விட்டதை நிறுப்பது பெரிய காரியமல்ல. பாலுக்குக் கணக்குக் கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. அது செக்ரோலில் ஏறும் நாளில்தான் சீர்செய்யும் வேலை தொடங்கும்.